கோல்ட்ரேனைக் காப்பாற்றிய வெளியாட்கள்

‘மை ஃபேவரிட் திங்ஸ்’ என்ற பாட்டை ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தது 1960 அக்டோபர் 21-ம் தேதி. அப்போது நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இசை நாடகத்தின் எளிய மெட்டு அது. அதை சொப்ரானோ சாக்ஸபோனில் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட 14 நிமிடம் விரித்தார். 1966 ஜூலை 22 அன்று டோக்கியோவில் அதே பாட்டை மறுபடி வாசித்தார். இந்த முறை 57 நிமிடம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், முதல் முறை கேட்பவர்கள் ஒரே பாட்டு என்று நம்ப மாட்டார்கள். டோக்கியோவில் மெட்டு எங்கே வருகிறது என்று காத்திருக்க வேண்டும். வரும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் எப்படி நடந்தார்? விடை அந்த இரண்டு பதிவுகளிலும் கிடைக்காது. இடையில் 1961-ல் நியூயார்க்கின் வில்லேஜ் கேட், 1963-ல் நியூபோர்ட் விழா, ஐரோப்பியப் பயணங்களின் வானொலிப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் பாதை தெரியும். நியூபோர்ட்டில் வழக்கமான எல்வின் ஜோன்ஸுக்குப் பதில் ராய் ஹெய்ன்ஸ் டிரம்ஸ் வாசித்தார். அந்த ஒரு மாற்றத்திலேயே பாட்டின் எடை குறைந்து, கால் தரையில் படாமல் ஓடுகிறது. இந்த மேடைப் பதிவுகளை இசைத்தட்டு நிறுவனங்களின் துணுக்குச் சரக்காகப் பார்ப்பது இன்றும் மாறவில்லை. கோல்ட்ரேனின் இசை வாழ்க்கையின் முதுகெலும்பு இவைதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த முதுகெலும்பில் பெரும்பங்கைக் காப்பாற்றித் தந்தவர்கள் நிறுவனங்களுக்கு வெளியே இருந்தவர்கள். அவர்களுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23-ல் வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1967 ஜூலை 17-ல் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 40. தன் பெயரில் இசைத்தட்டு போடத் தொடங்கியது 1957-ல். ஆக, தலைவராக அவருக்குக் கிடைத்தது பத்தே ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் பிரஸ்டீஜ், ப்ளூ நோட், அட்லாண்டிக், இம்பல்ஸ் என்று நான்கு நிறுவனங்களுக்கு வாசித்தார். 2026 அவருடைய நூற்றாண்டு.

நான் கோவையில் இருப்பவள். டேப் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்தவள். கால் அங்குல நாடாவை பிளேடால் சரித்து வெட்டி ஒட்டுவது என் அன்றாடப் பிழைப்பாக இருந்தது. கோல்ட்ரேன் என் காதில் விழுந்தது சிற்றலை வானொலி வழியாக. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியை உலகம் முழுவதும் கேட்டார்கள். அமெரிக்காவுக்குள் அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அந்த ஒலிபரப்பு வெளிநாடுகளுக்கானது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அப்படி. அலை ஏறி இறங்கும் இரைச்சலுக்கு நடுவே அந்த டெனர் சாக்ஸபோன் கேட்டபோது, இந்த மனிதர் வாசித்தது எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் இன்றுவரை விடவில்லை.

முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் நியூ ஜெர்சியில், பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் ஜாஸ் பதிவு செய்தார். கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’ 1957 செப்டம்பர் 15-ல் அங்கேதான் பதிவானது. 1959-ல் எங்கிள்வுட் க்ளிஃப்ஸ் என்ற ஊரில் உயர்ந்த மரக்கூரையோடு தனிக் கூடம் கட்டிக்கொண்டார். 1964 டிசம்பர் 9-ல் ‘எ லவ் சுப்ரீம்’ அங்கே பதிவானது. அந்தக் கூரை கொடுத்த அதிர்வை இன்றைய கணினியில் எத்தனை பொத்தான் அழுத்தினாலும் கொண்டுவர முடியாது என்பது என் தொழில் கருத்து. ஆனால் எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலியோடு வெட்ட முடிவது இருபது நிமிடச் சொச்சம்தான். கூடத்தில் வாசிப்பவர் மனத்தில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

‘இம்ப்ரெஷன்ஸ்’ என்ற உருப்படி நல்ல சாட்சி. 1962-லும் 1963-லும் கோல்ட்ரேன் அதைக் கூடத்தில் பதிவு செய்ய மறுபடி மறுபடி முயன்றார். 1963 மார்ச் 6 அன்று மட்டும் நான்கு முறை எடுத்தார்கள். எதிலும் அவருக்கு நிறைவில்லை போலும், கடைசியில் 1963-ல் வெளியான இசைத்தட்டில் இடம் பெற்றது 1961 நவம்பரில் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்தது. ஏறத்தாழ 15 நிமிடம். கூடத்தில் எடுத்த வாசிப்புகளையும் மேடையில் வாசித்ததையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன். மேடையில் மூன்றாவது, நான்காவது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும் இடத்தைத் தாண்டி உள்ளே போகிறார். அதற்குப் பிறகு வருவதுதான் கோல்ட்ரேன்.

வான்கார்டின் அந்த நான்கு இரவுகளை இம்பல்ஸ் நிறுவனமே வான் கெல்டரை அனுப்பிப் பதிவு செய்தது. 1962-ல் வெளியிட்ட எல்.பி.யில் மூன்றே உருப்படிகள். 22 வாசிப்புகளையும் நான்கு சி.டி.யாக முழுமையாகக் கேட்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த இரவுகளைப் பற்றிப் பேசியவர்கள் அவற்றில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசினார்கள். அதே 1961 நவம்பரில் ‘டவுன்பீட்’ பத்திரிகையில் ஒரு விமர்சகர் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிப்பது ஜாஸுக்கு எதிரானது என்றே எழுதினார். 22-ஐயும் வரிசையாகக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ‘இந்தியா’ என்ற உருப்படியை அவர்கள் ஒவ்வொரு இரவும் கலைத்து அடுக்குகிறார்கள். சில வாசிப்புகளில் சுருதி இழையாக ஒரு நரம்பு வாத்தியம்கூடச் சேர்ந்து ஒலிக்கிறது. ஒழுங்கில்லாமல் கத்துகிறவர்கள் செய்யும் வேலையில்லை அது. பரிசோதனைக்குப் பரிசோதனை குறிப்பெடுத்துக்கொண்டே போகிறவர்கள் செய்யும் வேலை.

இனி வெளியாட்களுக்கு வருகிறேன்.

1957-ல் தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையின் குழுவில் கோல்ட்ரேன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார். ஜாஸ் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் காலம் அது. ஆனால் மங்க் ஒரு நிறுவனத்துடனும் கோல்ட்ரேன் வேறொரு நிறுவனத்துடனும் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். அதனால் அந்த நால்வர் குழுவின் கூடப் பதிவாக உலகத்துக்குக் கிடைத்தது மூன்று உருப்படிகள், அதுவும் 1961-ல். மாதக்கணக்கான இரவுகளுக்கு மூன்று உருப்படிகள்! இந்தக் கணக்கு 2005 வரை மாறவில்லை. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்த லாரி ஆப்பிள்பாம், ஒரு பெட்டியின் பின்புறம் ‘டி. மங்க்’ என்று கையால் எழுதியிருப்பதைப் பார்த்தார். ஓட விட்டால், 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் நடந்த நிதிக் கச்சேரி. மங்கும் கோல்ட்ரேனும். சுத்தமான பதிவு. நாற்பத்தேழு ஆண்டுகள் ஓர் அரசு அலமாரியில் அது கிடந்தது. கண்டுபிடித்தவர் பதவியில் நூலக ஊழியர், காதால் ரசிகர். பெட்டிமேல் உள்ள எழுத்தை மட்டும் பார்த்துப் பட்டியலில் ஏற்றிவிட்டு நகர்ந்திருந்தால் இன்னும் கிடந்திருக்கும்.

வில்லேஜ் கேட் கதையும் எனக்கு நெருக்கமானது. 1961 ஆகஸ்டில் ரிச் ஆல்டர்சன் என்ற இளம் பொறியாளர் அந்த கிளப்பின் புதிய ஒலி அமைப்பைச் சோதிக்க விரும்பினார். ஒரே ஒரு ரிப்பன் மைக்கைத் தொங்கவிட்டு டேப்பை ஓடவிட்டார். இசைத்தட்டு போடும் எண்ணமே அவருக்கு இல்லை. அந்த டேப் கைமாறி, தொலைந்ததாகக் கருதப்பட்டு, கடைசியில் நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் கிடைத்தது. 2023-ல் வெளியானது. அதில் உள்ள ‘ஆஃப்ரிக்கா’ 22 நிமிடம். நாம் அறிந்தவரை அந்த உருப்படியின் ஒரே மேடைப் பதிவு. டிரம்ஸ் தூக்கலாகவும் பியானோ உள்ளடங்கியும் இருக்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள். ஒரு மைக் எங்கே தொங்கியதோ அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்த இரவு அப்படித்தான் கேட்டிருக்கும். நான் அதைக் குறையாக எண்ணவில்லை. எல்வின் ஜோன்ஸின் சிம்பல் எப்படி அறையை நிறைத்தது என்பதை எந்தக் கூடப் பதிவும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. இதிலும் உடன் வாசித்த டால்ஃபி இந்தப் பதிவுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள்கூட வாழவில்லை, 1964 ஜூனில் பெர்லினில் 36 வயதில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சியாட்டிலில் ஜோ ப்ரஸில் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1965 அக்டோபர் 2 அன்று பென்ட்ஹவுஸ் கிளப்பில் கோல்ட்ரேன் குழுவின் வாசிப்பைப் பதிவு செய்தார். கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதையும் மேடையில் வாசித்த பதிவு அதுவரை ஒன்றுதான் தெரியும், அதே ஆண்டு ஜூலை 26-ல் பிரான்சின் அன்டீப் விழாவில் எடுத்தது. கூடத்தில் 33 நிமிடமாக இருந்த படைப்பு சியாட்டிலில் 75 நிமிடம் ஓடுகிறது. ப்ரஸில் 2008-ல் இறந்த பிறகு அவருடைய டேப்புகளை ஆராய்ந்த இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் அதைக் கண்டெடுத்தார். 2021-ல் வெளியானது. ப்ரஸில் அந்த ஸ்பூலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக, ஈரம் படாமல் வைத்திருந்தார் என்பதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டேப்பைப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அந்தக் காலத்து அசிடேட் நாடா காய்ந்தால் நொறுங்கும். ஈரம் கண்டால் புளிப்பு வாடை வீசி உருக்குலையும். இறுக்கிச் சுற்றி வைத்தால் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் படிந்து, பாட்டுக்கு முன்னாலேயே பாட்டின் நிழல் கேட்கும்.

ஹாஃப் நோட் என்ற கிளப்பிலிருந்து 1965-ல் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆலன் கிராண்ட் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பினார். மார்ச் 26 அன்று வாசித்த ‘ஒன் டவுன், ஒன் அப்’ 27 நிமிடத்துக்கு மேல். பியானோ விலகி, பாஸும் விலகி, சாக்ஸபோனும் டிரம்ஸும் மட்டும் எதிரெதிரே நிற்கும் நீண்ட பகுதி ஒன்று அதில் இருக்கிறது. சாக்ஸபோன் கற்ற எத்தனையோ பேருக்கு அது பாடநூல். அதிகாரபூர்வமாக வெளியானது 2005-ல். ஆனால் நாற்பது ஆண்டுகளாக அது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து வானொலியிலிருந்து டேப் செய்தவர்கள், அதைப் பிரதி எடுத்தவர்கள், பிரதியின் பிரதியை எடுத்தவர்கள் வழியாக. ஒவ்வொரு தலைமுறைப் பிரதியிலும் இரைச்சல் ஏறியது. ஆனாலும் பாடம் நடந்தது. சட்டப் புத்தகத்தின்படி அவர்கள் செய்தது தவறாக இருக்கலாம். அவர்கள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்த சாக்ஸபோன் வாசிப்பு வேறாக இருந்திருக்கும்.

சேகரிப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு: தேதி. தேதியும் இடமும் வாசித்தவர்கள் பெயரும் எழுதாத டேப்பில் ஒலி இருக்கும், வரலாறு இருக்காது. கோல்ட்ரேனின் முதல் மனைவி நயீமா ஒரு சிறிய கருவியில் ஃபைவ் ஸ்பாட்டில் எடுத்த பதிவு 1993-ல் வெளியானது. அது 1957 கோடையில் எடுத்தது என்று அட்டையில் போட்டார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், கோல்ட்ரேன் மங்கின் குழுவை விட்டுப் போன பின், வேறொருவருக்குப் பதிலாக ஒரு நாள் வந்து வாசித்த 1958 செப்டம்பர் 11 என்று தெரிந்தது. ஓராண்டு வித்தியாசம். அந்த ஓராண்டில் அவர் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குத் திரும்பி, ஸ்வரங்களைத் திரைபோல விரிக்கும் பாணிக்கு வந்துவிட்டார். 1957 என்று நம்பிக் கேட்டவர்கள் அந்த வளர்ச்சியைத் தவறான ஆண்டில் வைத்து எழுதினார்கள்.

அந்த வெளியீட்டில் டேப்பின் வேகமும் பிசகியிருந்தது. அடுத்த வெளியீட்டில் சரி செய்தார்கள். வேகப் பிசகு வெளியாட்களின் கருவியில் மட்டும் வருவதில்லை. கோல்ட்ரேன் வாசித்த, உலகத்தில் மிக அதிகம் விற்ற ஜாஸ் இசைத்தட்டான மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் முதல் பக்கம் முழுவதும் சுருதி கூடியே இருந்தது. 1959 மார்ச் 2 அன்று கூடத்தின் பிரதான டேப் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறிவிடும். துணைக்கு ஓடிய இரண்டாவது கருவியின் டேப் சரியாக இருந்ததால் 1992-ல் திருத்த முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்கள் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசிக்க வாத்தியத்தின் சுருதியை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு டேப்பின் வேகத்தைப் பார்ப்பது பியானோவை வைத்து மட்டுமல்ல. பழைய பதிவுகளில் மின்சாரத்தின் ரீங்காரம் அடியில் எங்காவது இருக்கும். அமெரிக்காவில் எடுத்தது என்றால் 60 ஹெர்ட்ஸ், பிரான்சிலோ டோக்கியோவிலோ எடுத்தது என்றால் 50. அந்த ரீங்காரம் எங்கே நிற்கிறது என்று அளந்தால் வேகம் எவ்வளவு பிசகியது என்று தெரிந்துவிடும். சில சமயம் எந்த நாட்டில் எடுத்தது என்ற சந்தேகம்கூடத் தீரும். இன்றைக்கு மென்பொருளால் ரீங்காரத்தை ‘சுத்தம்’ செய்துவிட்டுத்தான் பலர் பதிவைப் பகிர்கிறார்கள். தயவுசெய்து சுத்தம் செய்யாத பிரதியையும் வைத்திருங்கள். கைதட்டலை வெட்டாதீர்கள். அறிவிப்பாளரின் குரலை வெட்டாதீர்கள். கிளாஸ் உரசும் சத்தம் இருந்தால் இருக்கட்டும். எந்த கிளப், எத்தனை பேர், என்ன நேரம் என்பதற்கெல்லாம் சாட்சி அவைதான்.

நான் கேட்கும் பதிவுகளின் தேதியையும் ஊரையும் நோட்டில் எழுதிவைப்பதைப் பார்த்து என் அண்ணன் மகன் கேட்டான்: “அத்தை, எல்லாந்தான் ஃபோன்ல வருதே. நீங்க ஏன் இன்னும் நோட்டுல எழுதிட்டு இருக்கீங்க?” நியாயமான கேள்வி. அவன் ஃபோனிலேயே ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ தேடிக் காட்டச் சொன்னேன். வரிசையாக வந்தன. எது எந்த ஆண்டு, யார் டிரம்ஸ், எந்த ஊர் என்று ஒன்றிலும் சரியாக இல்லை. வெளியீட்டு ஆண்டை வாசித்த ஆண்டாகப் போட்டிருந்தார்கள். “சரி அத்தை, நோட்டைக் குடுங்க, நான் டைப் பண்ணித் தரேன்” என்றான். செய்துகொண்டிருக்கிறான்.

இந்தக் குறிப்பெடுக்கும் வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒசாகாவில் யசுஹிரோ ஃபுஜியோகா வாழ்நாளையே கோல்ட்ரேன் சேகரிப்புக்குக் கொடுத்தவர். அவரும் டேவிட் வைல்ட், கிறிஸ் டெவிட்டோ, வுல்ஃப் ஷ்மாலர் ஆகியோரும் சேர்ந்து, லூயிஸ் போர்ட்டர் பதிப்பித்து 2008-ல் வந்த கோல்ட்ரேன் தகவல் தொகுப்பில், அவர் எந்த நாளில் எந்த ஊரில் வாசித்தார் என்பதைப் பழைய செய்தித்தாள் விளம்பரங்கள் வரை தேடித் தொகுத்திருக்கிறார்கள். எந்த இசைத்தட்டு நிறுவனமும் தன் கலைஞனுக்கு இப்படி ஒரு நாட்குறிப்பு எழுதிவைத்ததாக நான் அறியவில்லை.

என் அலமாரியில் கோல்ட்ரேனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் இருக்கிறார். கோவைக்காரியான எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு. கணவர் இறந்த துயரத்தில் இருந்த ஆலிஸுக்கு ஆறுதலாக இருந்தவர் சுவாமி சச்சிதானந்தர். இங்கே பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் 1914-ல் பிறந்தவர். 1969 உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அவர் பெயரைத் தலைப்பில் வைத்து ஆலிஸ் 1971-ல் வெளியிட்ட இசைத்தட்டில், பெரும்பகுதி லாங் ஐலண்டில் கோல்ட்ரேன் வீட்டுக் கூடத்தில் பதிவானது. ஓர் உருப்படி மட்டும் வில்லேஜ் கேட்டில் மேடையில் பதிவானது. ஒரே மைக் தொங்கிய அதே வில்லேஜ் கேட்.

ஆலிஸ் 1972-ல் செய்த ஒரு காரியத்துக்காகச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவரைத் திட்டுகிறார்கள். கணவர் 1965, 66-ல் வாசித்த டேப்புகளின் மேல் வயலின் குழுவையும் ஹார்ப்பையும் ஏற்றி ‘இன்ஃபினிட்டி’ என்று வெளியிட்டார். என் கருத்து இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. அவர் அந்த இசையில் பங்கேற்ற பியானோ கலைஞர், அதைத் தொடர அவருக்கு உரிமை இருந்தது. அந்த வயலின்கள் எனக்குப் பிடித்தும் இருக்கின்றன. ஆனால் மேலே எதையும் ஏற்றாத மூலமும் அதே ஆண்டில் மக்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் சண்டைக்கே இடமில்லை.

இப்போது நிறுவனங்கள். 1978-ல் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் நிறுவனத்தின் டேப் கிடங்கு தீப்பிடித்து, வெளியாகாத பதிவுகள் ஏராளமாகப் போயின. 2008-ல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் இம்பல்ஸ் நிறுவனத்துக்கு கோல்ட்ரேன் வாசித்த மூல டேப்புகளும் போயின என்று 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் அந்த இழப்புக் கணக்கை மறுத்தது. தீ யாருக்கும் வரலாம். ஆனால் 1963 மார்ச் 6 பதிவைப் பாருங்கள், நான் மேலே சொன்ன ‘இம்ப்ரெஷன்ஸ்’ நான்கு முறை எடுத்த அந்த நாள்தான். அதன் மூல டேப்பை நிறுவனம் பாதுகாக்கவில்லை. கோல்ட்ரேன் வீட்டில் கேட்பதற்காக எடுத்துப் போன பிரதி, பிரிந்து வாழ்ந்த நயீமாவின் குடும்பத்தில் பத்திரமாக இருந்தது. 2018-ல் ‘தொலைந்த ஆல்பம்’ என்று விளம்பரப்படுத்தி, ‘போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ என்ற பெயரில் விற்றது அந்தப் பிரதியிலிருந்து எடுத்ததுதான். ஒரு நாள் வேலையை ஆல்பம் என்று சொன்னதை நான் ஏற்கவில்லை. கோல்ட்ரேன் அதை ஆல்பமாகக் கோக்கவில்லை. ஆனால் வெளியிட்டது சரி. தேதியைப் போட்டு, எடுத்த எல்லா முறையையும் சேர்த்து, ‘1963 மார்ச் 6’ என்றே தலைப்பு வைத்திருக்கலாம்.

சட்டம் யார் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். அமெரிக்காவில் 2018-ல் வந்த இசைச் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி 15-க்குள் எடுத்த ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு. கோல்ட்ரேன் இறந்து நூறு ஆண்டு ஆகும் ஆண்டு அது. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இயற்றிய மெட்டுக்கு ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான தட்டுகள் பொதுச் சொத்தாகிவிட்டன. இந்தக் கால அளவுகளைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். கோல்ட்ரேனின் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிறுவனம் பதிவு செய்யாத, நிறுவனம் பாதுகாக்காத ஒரு டேப்பை ஐம்பது ஆண்டு காத்துக் கொடுத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் விற்பனையில் பங்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கமாக வேண்டும். அட்டையில் பெயர் போடுவது மட்டும் போதாது.

சேகரிப்பாளர்கள் பக்கமும் குறை இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லாத டேப் என்பதையே அதன் மதிப்பாகக் கருதுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்டால் முதல் இரண்டு நிமிடம் மட்டும் போட்டுக் காட்டுவார்கள். மாற்றிக்கொள்ள உன்னிடம் என்ன இருக்கிறது என்பார்கள். அவர்கள் இறந்த பிறகு ஏலக்கடைக்கு வரும், அல்லது குப்பைக்கு. 2005-ல் நியூயார்க்கில் கோல்ட்ரேன் உடைமைகள் ஏலம் விடப்பட்டபோது சில டேப்புகளுக்கு நிறுவனம் உரிமை கோரியதால் அவை திரும்பப் பெறப்பட்டன. நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்குப் பயந்தே பலர் தங்களிடம் இருப்பதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. பூட்டு இரண்டு பக்கமும் தொங்குகிறது.

நூற்றாண்டை ஒட்டி வண்ணத் தட்டுகளும் கனத்த பெட்டிகளும் கடைக்கு வருகின்றன. வரட்டும், வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நான் கேட்பது அதைவிடச் செலவு குறைந்தது. கோல்ட்ரேன் வாசித்து, எங்கோ ஒரு டேப்பில் இருக்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி: தேதி, ஊர், கிளப், வாசித்தவர்கள், எத்தனை நிமிடம், யாரிடம் இருக்கிறது. இதை நிறுவனமும் நூலகமும் குடும்பமும் சேகரிப்பாளர்களும் சேர்ந்து ஒரே பட்டியலாகப் பொதுவில் வைக்க வேண்டும். டேப் வைத்திருப்பவர் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் நூலகத்தின் பெயரில் இருக்கட்டும். அவர் மேல் வழக்கு வராது என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கட்டும். கேட்கும் உரிமை, விற்கும் உரிமை பற்றிய பேச்சு வார்த்தை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நடக்கட்டும். அதுவரை அசிடேட் நாடா காத்திருக்காது என்பதால், பட்டியலில் பெயர் ஏறிய டேப்புகளை உடனே டிஜிட்டல் பிரதி எடுத்து இரண்டு வெவ்வேறு ஊர் நூலகங்களில் வைக்க வேண்டும். முதலில் எடுக்க வேண்டியவை 1957 இரண்டாம் பாதியில் ஃபைவ் ஸ்பாட்டில் யாராவது எடுத்திருக்கக்கூடிய டேப்புகள்.